நாவில் இருக்கும் ஊர்

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஐந்து ஆண்டுகளாக ஒரு நாடகக் குழுவில் நடித்து வருகிறேன். சென்ற வாரம் ‘டாக்டர் ஷிவாகோ’ படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அதில் தாயை இழந்த சிறுவன் யூரியைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் அன்னா குரோமெக்கோ சில காட்சிகளில்தான் வருகிறார். ஆனால் படம் முடிந்த பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை. தேடிப் பார்த்தபோது, அவர் ஷிவோன் மெக்கென்னா என்றும், அயர்லாந்து மேடையின் மிகப் பெரிய நடிகைகளில் ஒருவர் என்றும் தெரிந்தது. அவ்வளவு பெரிய நடிகை திரையில் ஏன் சிறு வேடங்களோடு நின்றுவிட்டார்? சினிமாவிலேயே நிலைத்திருந்தால் உலகம் அவரை இன்றும் நினைவில் வைத்திருக்குமல்லவா? இளமையில் அவர் கால்வே நகரில் ஐரிஷ் மொழியில் நடித்த ஆண்டுகளை வெறும் பயிற்சிக் களம் என்றுதானே கொள்ள வேண்டும்? நான் இவற்றைக் கேட்கக் காரணம் உண்டு. எங்கள் இயக்குநர் என்னுடைய கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். ஒரு திரைப்படத்தில் தாய் வேடத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எனக்கு வயது முப்பத்திரண்டு. நான் என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த நாட்களில் நான் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். காட்மன் என்ற அமெரிக்க நிறுவனம் 1950களில் வெளியிட்ட ஓர் இசைத்தட்டில், ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலின் கடைசி அத்தியாயத்திலிருந்து, நாயகனின் மனைவி மாலி புளூமின் மனவோட்டத்தை மெக்கென்னா பேசியிருக்கிறார். அந்த அத்தியாயத்தில் நிறுத்தற்குறிகள் கிட்டத்தட்ட இல்லை; எட்டே எட்டு வாக்கியங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. எங்கே மூச்சு விடுவது, எங்கே ஒரு நினைவு அறுந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதையெல்லாம் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் வீட்டில் அதை முதன்முறையாகக் கேட்டபோது, அதுவரை நான் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கீழே வைத்துவிட்ட அந்தப் பக்கங்கள், தூக்கம் வராமல் புரண்டு படுக்கும் ஒரு பெண்ணின் பேச்சாக மாறியதை உணர்ந்தேன். எந்தச் சொல்லையும் அவர் அழுத்தவில்லை, எதையும் விளக்கவும் இல்லை. மூச்சு எங்கே தீர்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னிடம் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன்.

முதல் இரண்டு கேள்விகளில் நான் அதிகம் தங்கப் போவதில்லை. அவர் திரைக்கு வராமல் இல்லை. 1940களின் பிற்பகுதியிலேயே பிரிட்டிஷ் படங்களில் நடித்தார். 1961இல் ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ படத்தில் இயேசுவின் தாய் மரியாள். 1965இல் நீங்கள் பார்த்த அன்னா. ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் ‘பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்’ நாடகம் 1962இல் படமானபோது அதில் பெகீன் மைக்காகவும் நடித்தார். பெகீன் ஒரு கிராமத்து மதுக்கடைக்காரரின் இருபது வயது மகள். மெக்கென்னா அப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மேடையில் அதே வேடத்தைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் ஆண்டிருந்தார், ஏனென்றால் இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நடிகையின் குரல்தான் அவளுடைய வயது. கேமராவோ கண்ணோரச் சுருக்கத்தை எண்ணிவிடுகிறது. இதற்கு மேல் இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. உலகம் நினைவில் வைத்திருக்குமா என்ற கேள்வியை மட்டும் இனி யாரிடமும் கேட்காதீர்கள். ஒத்திகைக்குப் போகிற ஒருவர் சுமந்துகொண்டு போகக் கூடாத கேள்வி அது. அது நெஞ்சில் இருக்கும்வரை எதிரே நின்று வசனம் சொல்லும் சக நடிகரின் குரல் உங்கள் காதில் விழாது.

உங்கள் மூன்றாவது கேள்வியில் ‘வெறும் பயிற்சிக் களம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘வெறும்’ என்ற சொல் எனக்குக் கோபமூட்டியது. அதை இரண்டு நாள் ஆறவிட்ட பிறகும் கோபம் தீரவில்லை.

மெக்கென்னா பிறந்தது பெல்ஃபாஸ்டில். வளர்ந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வேயில். தந்தை அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். வீட்டில் பேசிய மொழி ஐரிஷ். அந்த மொழியின் நிலையை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1840களின் பெரும் பஞ்சத்தில் செத்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் மிகப் பலர் ஐரிஷ் பேசிய மேற்குக் கரை ஏழைகள். எஞ்சியவர்களும், பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர்கள். அப்படித் தேய்ந்து போன ஒரு மொழிக்காக 1928இல் கால்வேயில் ‘அன் தைவ்யார்க்’ என்ற அரங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் நாடகத்தை எழுதி நடத்திய மிஹால் மாக் லியாமோர் லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். ஐரிஷை ஆசையாகக் கற்று, பெயரையும் மாற்றிக்கொண்டு, அந்நாட்டுக்காரராகவே வாழ்ந்து மறைந்தவர். (அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.) அந்தச் சிறிய அரங்கில்தான் மெக்கென்னா மாணவப் பருவத்திலேயே ஷேக்ஸ்பியரின் லேடி மெக்பெத்தாக நடித்தார், ஐரிஷ் மொழியில். 1944இல் டப்ளினின் அபே நாடக அரங்கில் சேர்ந்தார். அபேயை அப்போது நடத்திவந்த எர்னஸ்ட் பிளைத் ஐரிஷ் தெரிந்த நடிகர்கள் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். அங்கே நடித்துக்கொண்டிருந்த டெனிஸ் ஓடீயை 1946இல் மெக்கென்னா மணந்தார்.

இதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றிய பெர்னார்ட் ஷாவின் ‘செயின்ட் ஜோன்’ நாடகத்தை அவரே ஐரிஷில் மொழிபெயர்த்து, 1950இல் கால்வேக்குத் திரும்பி வந்து, அதே சிறிய அரங்கில் ஜோனாக நின்றார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாடகம். ஆங்கிலத்தில் நடிக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. எழுதியவரும் டப்ளினில் பிறந்தவர். அப்படியிருந்தும் அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துத் தன் வீட்டு மொழியில் போட்டுப் பார்த்தார். ஷிவோன் என்ற பெயரே ஜோன் என்பதன் ஐரிஷ் வடிவம்தான் என்பதால், மொழிபெயர்ப்பில் நாடகத்தின் தலைப்பு ‘சான் ஷிவோன்’ என்று ஆயிற்று. தன் பெயரைத் தாங்கிய பெண்ணைத் தன் வாய்க்காகத் தானே எழுதிக்கொண்ட நடிகைகள் எத்தனை பேர் இருப்பார்கள்!

பிறகுதான் ஆங்கில ஜோன் வந்தாள்: 1953இல் டப்ளினில், 1954இல் லண்டனில், 1956இல் நியூயார்க்கில். அந்த ஆண்டு ‘லைஃப்’ இதழ் அவரை அட்டையில் போட்டது. அங்கெல்லாம் அவருடைய ஜோன் லண்டன் சீமாட்டியின் ஆங்கிலத்தைப் பேசவில்லை. கால்வேயின் மேற்கே கற்சுவர்களுக்கு நடுவில் ஆடு மேய்க்கும் கன்னமாரா நாட்டுப்புறத்துப் பெண்ணின் ஆங்கிலத்தைப் பேசினாள். ஷாவும் ஜோனின் பேச்சில் ஒரு நாட்டுப்புறச் சாயலை எழுதித்தான் வைத்திருந்தார். பல நடிகைகள் அதை மேலே பூசிய வண்ணமாகக் கையாளும்போது, மெக்கென்னாவிடம் அது உள்ளிருந்து வந்தது. காரணம், அந்த ஆங்கிலம் ஒருமுறை ஐரிஷுக்குள் போய்த் திரும்பி வந்த ஆங்கிலம்.

இதை நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. ஐரிஷ் மொழியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று தனிச் சொற்கள் கிடையாது. ‘புரிகிறதா?’ என்று கேட்டால் ‘புரிகிறது’ என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சாப்பிட்டாயா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்கிற நமக்கு இது உடனே விளங்கும். அந்நாட்டவர் ஆங்கிலம் பேசும்போதும் இந்தப் பழக்கம் கூடவே வருகிறது. கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் தலையாட்டாமல், செய்த செயலையே மறுபடி சொல்லிப் பொறுப்பேற்கிறார்கள். ‘கால்வேக்குத்தான் நான் போகிறேன்’ என்று எது முக்கியமோ அதை முன்னே இழுத்து வைப்பதும் அப்படி வந்ததுதான். வருத்தத்தைச் சொல்ல ‘தா ப்ரோன் ஒரம்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல், ‘வருத்தம் என்மேல் இருக்கிறது’. வருத்தம் வெளியிலிருந்து வந்து ஒருவர்மேல் ஏறி உட்காரும் மொழி அது. இப்படிப்பட்ட மொழியில் ஜோனின் விசாரணைக் காட்சியை ஒருமுறை முழுதாகப் பேசிப் பார்த்தவருக்கு, நீதிபதிகளின் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எந்த இயக்குநரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கால்வேயில் நடந்தது பயிற்சி என்றால், லண்டனிலும் நியூயார்க்கிலும் கைதட்டு வாங்கியது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

நானே இதில் தவறியவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இளமையில், மதுரையில் ஒரு நாடகக் குழுவுக்காக அந்த விசாரணைக் காட்சியை நான் தமிழாக்கினேன். நெருப்புக்குப் பயந்து முதலில் கையெழுத்திட்டுவிடுகிற ஜோன், தனக்கு விதிக்கப்பட்டது ஆயுள் சிறை என்று தெரிந்ததும் அந்தத் தாளைக் கிழித்தெறிகிறாள். போர்க்குதிரையும் கொடியும் இல்லாமல் இருந்துவிடலாம், ஆனால் மரங்களில் காற்றையும், வெயிலில் வானம்பாடியையும், பனியினூடே ஆட்டுக்குட்டிகளின் குரலையும், கோயில் மணியையும் கேட்காமல் வாழ முடியாது என்கிறாள். என் மொழிபெயர்ப்பில் பெருமைப்பட்டுக்கொண்ட இடமே அதுதான். ஜோனாக நடித்தவர் மேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து மாலைப் பேருந்தில் வந்து போன ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கு வந்ததும் அவருக்கு நாக்குப் புரளாது. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எடுத்துக் கொடுப்பேன். நான்காம் நாள் அவர் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, “சார், நான் ஆடு மேய்ச்சவ. குட்டி கத்துறதுன்னா தாயைத் தேடித்தான் கத்தும். அதை ‘ஓலம்’னு சொன்னா எனக்குத் தொண்டையிலேயே நிக்குது” என்றார். பிறகு எப்படிச் சொல்லலாம் என்று நான் கேட்காமலே, கண்ணை ஒருபுறம் திருப்பிக்கொண்டு சொன்னார்: “பனி விழுகுற விடியக்காலம், தாயைக் காணாம குட்டி கத்தும் பாருங்க, அந்தச் சத்தம் காதுல விழுந்தாப் போதும், நான் கெடந்துக்குவேன்.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. காவியத்தன்மை கெடுகிறது என்றேன். ஜோன் ஒரு புனிதர், மேலூர்க்காரி அல்ல என்றும் சொன்னேன். அவர் மறுவார்த்தை பேசாமல் என் வரியைப் பாடம் செய்து, மேடையில் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். அந்த ஒரு மேடையேற்றத்தோடு நாடகமும் முடிந்தது, அவரும் அடுத்த ஆண்டு குழுவை விட்டுப் போய்விட்டார். இப்போது இந்தப் பதிலுக்காக என் வரியைத் தேடிப் பழைய குறிப்பேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது: ‘உறைபனியினூடே ஒலிக்கும் செம்மறிக் குட்டிகளின் ஓலம்’. அவருடைய வரிக்கு எனக்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை.

ஷிவோன் மெக்கென்னாவின் இடத்தில் நின்றவர் அவர். அவர் வாயை நான்தான் அடைத்தேன். ஆட்டுக்குட்டியும் பனியும் கோயில் மணியும் கால்வேயைச் சுற்றி உள்ளவை. மெக்கென்னா அவற்றுக்குச் சொல் தேட அகராதிக்குப் போகவில்லை, தன் ஊருக்குப் போனார் என்பதை அந்த ஆசிரியையை இழந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

உங்கள் இயக்குநரை எனக்குத் தெரியாது; நல்ல நோக்கத்தோடுதான் சொல்லியிருப்பார். எல்லா அரங்கிலும் எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருக்கலாம். ஆனால் உங்களிடம் எனக்குக் கேள்வி இருக்கிறது. ‘இன்னொரு பேச்சையும் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்’ என்று நீங்கள் எழுதவில்லை, ‘மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்’ என்று எழுதினீர்கள். எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சினிமா வாய்ப்புக்குப் போய்விட்டீர்கள். ஒரு வரிகூட அதற்காக வருந்தவில்லையே! கற்றுக்கொள்ளுங்கள், பத்துப் பேச்சு வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளுங்கள். மாஸ்கோவின் செல்வக் குடும்பத்து அன்னா குரோமெக்கோ கன்னமாராக்காரியாகப் பேசினால் பொருந்தாது என்று மெக்கென்னாவுக்குத் தெரியும். 1957இல் நியூயார்க்கில் ஹாம்லெட் வேடத்தையே ஏற்று நடித்தவர் அவர். புதிதாகக் கற்பதற்காகப் பழையதை அவர் எங்கும் ஒப்படைத்துவிடவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அது எவ்வளவு தூரம் கூடவே வந்தது என்பதற்கு அவருடைய கடைசி வேடம் சான்று. 1985 டிசம்பரில், கால்வேயின் டுருயிட் நாடகக் குழு டாம் மர்ஃபியின் ‘பால்யே கன் கார்யே’ நாடகத்தை கேரி ஹைன்ஸ் இயக்கத்தில் மேடையேற்றியது. தலைப்புக்குச் ‘சிரிப்பில்லாத ஊர்’ என்று பொருள். கூரை வீட்டின் அடுப்படியில் போடப்பட்ட பெரிய கட்டிலில் மாமோ என்ற கிழவி கிடக்கிறாள், நினைவு தப்பியவள், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பேத்தியை யாரென்றே அறியாதவள். இரவுதோறும் இல்லாத குழந்தைகளுக்கு ஒரே கதையைச் சொல்கிறாள். சந்தையிலிருந்து திரும்பும் ஒருவனும் அவன் மனைவியும் பனியில் வழி அடைபட்டு ஒரு மதுக்கடையில் ஒதுங்குகிறார்கள். அந்த ஊரின் பெரிய சிரிப்பாளியோடு அவனுக்குச் சிரிப்புப் போட்டி மூள்கிறது. எதைச் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல் நிற்கும்போது, துன்பங்களைச் சொல்லிச் சிரியுங்கள் என்று அந்த மனைவி எடுத்துக் கொடுக்கிறாள். செத்த பிள்ளைகளையும் பொய்த்த விளைச்சலையும் சொல்லிச் சொல்லி ஊரே சிரிக்கிறது. அந்த மனைவி மாமோதான். ஆனால் கதையில் அவள் ‘நான்’ என்று சொல்வதே இல்லை. யாரோ ஓர் அந்நியனின் மனைவியைப் பற்றியே பேசுகிறாள். அன்றிரவு வீட்டில் தனியே விடப்பட்ட பேரக்குழந்தைகளில் ஒருவன் தீயில் கருகினான் என்பதை நெருங்கும்போதெல்லாம் கதை நின்றுவிடுகிறது.

இந்த நாடகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆனால் மாமோவின் வாக்கியங்கள் ஐரிஷின் எலும்பில் ஆங்கிலச் சதை ஒட்டியவை. இடையிடையே ஐரிஷ் சொற்களே வந்து விழும். மேடையில் நடமாட்டம் கிடையாது, கட்டில்தான் உலகம். கையும் முகமும் தவிர உடல் முழுவதும் போர்வைக்குள். ஒரு நடிகையிடமிருந்து கால், இடுப்பு, அழகு, வயது எல்லாவற்றையும் பறித்துவிட்டு, குரலை மட்டும் விட்டுவைத்த வேடம் அது. முதல் மேடையேற்றத்தில் அந்தக் கட்டிலில் கிடந்தவர் மெக்கென்னா. பேத்தி மேரியாக மேரி முல்லன் நடித்தார். கதையை இன்று முடித்தே ஆக வேண்டும் என்று பேத்தி விடாமல் உந்த, கிழவி அந்தக் கடைசிப் படியையும் இறங்கிக் கதையை முடிக்கிறாள். முடித்த பிறகு, எதிரே நிற்பவளை அவளுடைய பெயர் சொல்லி அழைக்கிறாள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ‘சான் ஷிவோன்’ நடந்த அரங்கிலிருந்து டுருயிட் அரங்கு சில நிமிட நடை. 1986 நவம்பர் 16 அன்று மெக்கென்னா டப்ளினில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். கால்வேக்குக் கொண்டுவந்து ரஹூன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. தாய் வேடத்துக்குப் போகலாம்; முப்பத்திரண்டு வயதில் தாயாக நடிப்பதில் எந்த இழிவும் இல்லை. இப்போதைக்கு எனக்காக ஒன்று செய்யுங்கள். அவர்கள் வசனத்தாளைக் கொடுத்ததும், அதை உங்கள் அம்மா கோவில்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் எப்படிச் சொல்வாரோ அப்படி ஒருமுறை கைப்பட எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மூச்சு தீரும் இடங்களில் ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாளையும் அவர்கள் கொடுத்த தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இந்த முறை நான் எதையும் திருத்த மாட்டேன்.